இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரு தெரு

பொய் சொல்வதற்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. வரைபடக்காரருக்குச் சட்டென்று கிடைத்தது மனைவியின் முதுகு.

"அண்ணிக்கு முதுகு பிடிச்சுக்கிச்சும்மா. குனிய முடியல, நிமிர முடியல. நீ ஒரு நாலு நாள் வந்து கூட இருந்துட்டுப் போயேன்" என்று தங்கச்சியிடம் போனில் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் அந்த அண்ணி எதிரே ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியும் கையுமாக அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, பொய் சொல்ல என் முதுகுதான் கிடைச்சுதா? உங்க முதுகுக்கு என்ன கேடு?"

"நான் படுத்துக்கிட்டா ஆபீசுக்கு யாரு போறது?"

"சரி, பொய் எதுக்கு? அதச் சொல்லுங்க முதல்ல."

"அவ வரட்டும். அப்புறம் சொல்றேன்" என்று நழுவினார். நழுவுவதில் ஆசாமி கெட்டிக்காரர். ஆனால் அன்றைக்கு மனைவியின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல், ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் வேலை பார்த்தது பூமியைத் துளைத்துச் சுடுநீர் எடுத்து, அந்தச் சூட்டில் மின்சாரம் செய்கிற ஒரு நிறுவனத்தில். சூடு ஆறிய தண்ணீரை இன்னொரு துளை வழியாக அழுத்தி மறுபடி உள்ளேயே அனுப்பிவிடுவார்கள். புகை இல்லை, கரி இல்லை, நல்ல காரியம்தான். ஆனால் உள்ளே போன தண்ணீர் சொன்ன இடத்தில் கைகட்டி நிற்குமா? அது பாறையின் இடுக்குகளைத் தேடிப் போகும். அங்கே பழைய பிளவுகள் கிடக்கும். பிளவின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நெரித்துப் பிடித்துக்கொண்டு எத்தனையோ காலமாக அசையாமல் இருக்கும். கனத்த பீரோவை ஓர் ஆள் எவ்வளவு தள்ளினாலும் நகராது. அதன் காலடியில் சோப்புத் தண்ணீர் ஓடிவிட்டால்? தள்ளும் விசை ஏற்கெனவே பாறைக்குள் இருக்கிறது. தண்ணீர் பிடியைத் தளர்த்திவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பிளவு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதிலும் நீளம்தான் தலையாய விஷயம். குட்டைப் பிளவு வழுக்கினால் அலமாரியில் டம்ளர் ஆடும். நீளப் பிளவு ஒரே மூச்சில் வழுக்கினால் அலமாரி மாட்டியிருக்கிற சுவரே ஆடும். இதைப் படமாக வரைந்து கொடுப்பதுதான் நம்மவர் உத்தியோகம். தரையைத் தட்டி அதிரவைக்கும் பெரிய லாரிகளை ஓட்டுவார்கள். கீழேயிருந்து எதிரொலி வரும். பாறை அடுக்கு வெட்டுப்பட்ட இடத்தில் எதிரொலியும் வெட்டுப்படும். அங்கே அவர் கோடு போடுவார்.

அந்த லாரிகளைச் சரிவுத் தெரு என்ற ஒரு தெருவுக்குள் விடவில்லை. தெரு குறுகல், வீடுகள் பழசு, "எங்க சுவர் விரிசல் விட்டா யாரு பதில் சொல்றது?" என்று ஜனங்கள் மறித்துவிட்டார்கள். அதனால் அந்தத் தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல எதிரொலி இல்லை. மேற்கேயிருந்து ஒரு பிளவு வந்து தெருவின் கீழ்முனையில் நின்றது. தெருவின் மேல்முனைக்கு அப்பால், அதே திசையில், இன்னொரு பிளவு தொடங்கியது. கண் இருக்கிற எவனுக்கும் இரண்டும் ஒன்றையொன்று கூப்பிடுவது தெரியும். நம்மவருக்கும் தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளிக்கோடு போட்டு வைத்தார். ஊகம் என்றால் புள்ளிக்கோடு போடுவது அவர்கள் தொழில் வழக்கம்.

மேலதிகாரிக்கு ஆபீசில் 'பச்சை விளக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் "போகலாம்" என்பார். அவர் படத்தைப் பார்த்தார்.

"இது கண்ணால பார்த்ததா, மனசால பார்த்ததா?"

"மனசாலதான் சார்."

"எதிரொலி இல்லாத எடத்துல கோடு இல்லன்னு நம்ம விதியே இருக்கே?"

இருந்தது. நல்ல விதிதான், இல்லாததை இட்டுக்கட்டக் கூடாது என்பதற்காக உண்டானது. பச்சை விளக்கு அழிக்கச் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். நம்மவர் தானாகவே அந்தப் புள்ளிக்கோட்டை அழித்தார். ஒரு நீளப் பிளவு இரண்டு குட்டைப் பிளவுகளாயிற்று. இரண்டு குட்டைப் பிளவுகள் எவ்வளவு அழுத்தம் தாங்குமோ அவ்வளவுக்குப் பம்பை ஓட்டினார்கள்.

அந்தத் தெருவின் நடுப்பகுதியில் தங்கச்சி வீடு. அவள் கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். அந்த வீட்டை வாங்கும்போது "அண்ணா, இடம் எப்படி?" என்று அவள் கேட்டாள். "பாறை மேல இருக்கு. பயப்படாம வாங்கு" என்று சொன்னவர் இவரேதான்.

போன் செய்த அன்று மத்தியானம் என்ன நடந்தது என்றால், மனிதர் காலுக்குத் தெரியாத குட்டி அதிர்வுகள் சிலவற்றைக் கருவிகள் பிடித்திருந்தன. ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது என்று கணக்குப் போட்டுப் படத்தில் புள்ளி வைத்தார். ஒன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாம் அந்த வெற்றிடத்தில், தெருவின் அடியில், ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் போய் உட்கார்ந்தன. அவர் கை கூசி அழித்த புள்ளிக்கோட்டைப் பூமி தன் கையால் திருப்பிப் போட்டிருந்தது.

பச்சை விளக்கிடம் காட்டினார். "ஒரு கைப்பிடிப் புள்ளி இருக்குமா? இத வச்சு ஊர எழுப்பச் சொல்றீங்களா? வாராந்திரக் கூட்டத்துல போடுங்க, பேசுவோம்."

"சார், அழுத்தத்தையாவது கொஞ்சம்..."

"நிச்சயமா சொல்ல முடியுமா உங்களால?"

அடடா, அந்தக் கேள்விக்கு அவர் உண்மையைத்தான் சொன்னார். "நிச்சயமா சொல்ல முடியாது சார்." திரும்பி இருக்கைக்கு வந்து, போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். ஊரை எழுப்ப நிச்சயம் வேண்டியிருந்தது. தங்கச்சியை எழுப்பச் சந்தேகமே போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் தங்கச்சி பையும் கையுமாக வந்து இறங்கினாள். அண்ணி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நடிப்பு வரவில்லை, "வாம்மா" என்று துள்ளி எழப் போனவள், கணவன் கண்ணைக் காட்டவும், "அய்யோ அம்மா" என்று மறுபடி சாய்ந்தாள். வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

தங்கச்சி பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். உள்ளங்கை அகலம், உள்ளே கல்லுப்பு, நாலு பக்கமும் அழுத்தமான தையல். "அடுத்த வீட்டுத் தையல்காரம்மா குடுத்தாங்க அண்ணி. உங்களுக்கு முதுகுவலின்னு சொன்னேன். கல்யாணத் துணி தச்சிட்டிருந்தவங்க, அப்படியே ஓரமா வச்சிட்டு, உக்காந்த எடத்துல இத தச்சுக் குடுத்துட்டாங்க. சட்டியில சூடு பண்ணி ஒத்தடம் குடுக்கணுமாம். வீட்டுச் சாவியும் அவங்ககிட்டதான் இருக்கு. செடிக்குத் தண்ணி ஊத்துறேன்னாங்க."

வரைபடக்காரர் அந்தப் பையை வாங்கிப் பார்த்தார். தங்கச்சி அடுக்களைக்குள் போனதும் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லுங்க."

சொன்னார். முழுவதும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அந்தத் தெருவுல மத்தவங்க?"

"நிச்சயமாத் தெரியாதுடி. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். நாம போய்ச் சொன்னா யாரு வீட்ட விட்டு வருவாங்க? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே."

உப்புப் பையை அவள் முதுகில் வைத்துக்கொள்ளவில்லை. தலைமாட்டில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததில் அவருக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. அதற்கு அடுத்த நாள் காலை, வாராந்திரக் கூட்டத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, தரை ஒரு தரம் உலுக்கியது. இந்த வீடு தூரத்தில் இருந்தது. இங்கே ஜன்னல் கண்ணாடிதான் நடுங்கிற்று. அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே நின்றார். எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று அவருக்கு எந்தக் கருவியும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தங்கச்சி தெருவுக்குப் போன் மேல் போன் போட்டாள். கடைசியில் தையல்காரம்மாவின் மகன் எடுத்தான். பஸ் ஓட்டுகிற பையன், நல்ல முரடன், அவன் குரல் உடைந்திருந்தது. "அக்கா, அம்மா உங்க வீட்டுக்குள்ளதான் இருந்தாங்க. செடிக்குத் தண்ணி பிடிக்கச் சமையக்கட்டுக்குப் போயிருக்காங்க. சுவர் அலமாரி அப்படியே பேத்துக்கிட்டு மேல விழுந்துடுச்சுக்கா."

உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை முழங்கையிலும் மணிக்கட்டிலும் நொறுங்கியிருந்தது. தெருவின் கீழ்ப்பாதியில் பல வீடுகளில் சுவர் பிளந்து, கூரை சரிந்து, பலருக்கு அடி. சாவு இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அண்ணனும் தங்கச்சியும் ஓடினார்கள். தையல்காரம்மா தூக்கிக் கட்டிய கையோடு படுத்திருந்தார். தங்கச்சியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நல்லவேளைம்மா, நீ ஊருல இல்ல. காலையில அந்நேரம் நீதானே அந்த எடத்துல நின்னு சமைப்பே? என்னமோ உங்க அண்ணிக்கு முதுகு பிடிச்சது உனக்கு உயிர்ப்பிச்சை."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "வீட்டம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு தம்பி? ஒத்தடம் குடுத்தீங்களா? வலி கேட்டுதா?"

"பரவால்லம்மா" என்றார் வரைபடக்காரர். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, மருந்து வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தவர், படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்கம் என்றால் இப்படி உடம்பில் வலிக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. செவி மடல்கூட எரிந்தது.

ஆபீசில் பம்பை நிறுத்தியிருந்தார்கள். பச்சை விளக்கு எல்லோருக்கும் தேறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மவர் புதுப் புள்ளிகளைப் படத்தில் வைத்துப் பார்த்தார். காலையில் வழுக்கியது பிளவின் கீழ்ப்பாதி மட்டும். தெருவின் நடுவில் கோடு இலேசாக வளைகிற ஓர் இடத்தில் அது தடுக்கி நின்றிருந்தது. மேல்பாதி அசையவேயில்லை. பம்பு நின்றுவிட்டதே என்றால், அடுப்பை அணைத்ததும் பால் பொங்குவது நின்றுவிடும். பாறைக்குள் போன தண்ணீர் அப்படி நிற்காது. அழுத்தம் இன்னும் பரவிக்கொண்டிருக்கும். கீழ்ப்பாதி நகர்ந்ததில் மேல்பாதிக்குச் சுமை கூடியும் இருக்கும்.

"சார், சாயங்காலம் ஜனங்கள வீட்டுக்குப் போகலாம்னு சொல்லப் போறதா கேள்விப்பட்டேன். சொல்லாதீங்க. மேல்பாதி பாக்கி இருக்கு."

"நிச்சயமா?"

"இல்ல சார். சந்தேகம்."

பச்சை விளக்கு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டும் வேற வேறன்னு வரைஞ்சது நீங்கதானே? இப்பப் போய் ஒண்ணுன்னு சொன்னா, எப்பலேர்ந்து தெரியும்னு கேப்பாங்க. யோசிச்சுக்கோங்க."

மனிதர் மிரட்டவில்லை, புத்திதான் சொன்னார். அதுதான் வினை. நம்மவர் யோசிக்கத்தான் செய்தார். தெரு ஜனங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். இரண்டாவது ஆபத்தைச் சொல்ல வேண்டுமானால் முதல் பொய்யின் மூட்டையை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்தால் தங்கச்சி எப்படி அந்தத் தெருவில் தலை நிமிர்வாள்? இப்படி அவள் மேல் பாரத்தைப் போட்டுப் பார்த்தார். அவருக்கே அது பொய் என்று தெரிந்தது. தலை குனியப் போவது தான்தான் என்பதே அவர் கவலை.

மைதானத்தில் தெரு முழுக்கக் கூடியிருந்தது. பச்சை விளக்கு மைக்கில் பேசினார்: பம்பை நிறுத்தியாயிற்று, இனிப் பயமில்லை, விரிசல் இல்லாத வீட்டுக்காரர்கள் திரும்பலாம். மேல்பாதி ஜனங்கள் மூட்டை முடிச்சுகளைத் தூக்கத் தொடங்கினார்கள்.

அப்போது ஓர் அம்மாள் தங்கச்சியைப் பார்த்து உரக்கக் கேட்டாள். "நீ மட்டும் எப்படிம்மா கரெக்டா முந்தாநாளே கிளம்பிப் போனே? உங்கண்ணன் அந்தக் கம்பெனிதானே?"

தங்கச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன பேசுறீங்க? எங்கண்ணிக்கு உடம்பு முடியலன்னு போனேன். எங்கண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா என்னை மட்டுமா கூப்பிட்டிருப்பான்? ஊரையே கூப்பிட்டிருப்பான். நீங்க அவனைப் பத்தி அப்படி நினைக்காதீங்க!"

அவள் அதை அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

வரைபடக்காரர் முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மைக் பக்கம் நடந்தார். பச்சை விளக்கு மைக்கைக் கொடுக்கவில்லை. வாங்க அவர் காத்திருக்கவும் இல்லை. வெறும் குரலில் கத்தினார். "மேல்பக்கம் யாரும் வீட்டுக்குப் போகாதீங்க! பாதிதான் நகர்ந்திருக்கு. இன்னொரு பாதி உங்க அடியில இருக்கு. நான் ரெண்டு கோடா வரைஞ்சேன். அது ஒரே கோடு."

மைதானம் அடங்கியது. தையல்காரம்மாவின் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "ஒரே கோடுன்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"முந்தாநாள் மத்தியானம்."

"அண்ணிக்கு முதுகுவலி?"

"வலி இல்ல. நான் சொன்ன பொய்."

அவன் அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது அவருக்கு. அவன் அடிக்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, "எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்க, பக்கத்து ஊரு பள்ளிக்கூடத்துல எடம் இருக்கு" என்று கூப்பிட்டான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் நிச்சயமா என்று கேட்கவில்லை. தெரு முழுவதும் ஒரு சந்தேகத்தை நம்பி, காய்ந்தும் காயாத துணிகளைச் சுருட்டிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் காலியாகிவிட்டது. சொன்னால் யார் வருவார்கள் என்று மனைவியிடம் கேட்டாரே, அதற்கு இதுதான் பதில். தும்பை விட்டு வாலைப் பிடித்தவருக்கு மாடு எவ்வளவு சாதுவாக வந்தது என்று பாருங்கள்.

தங்கச்சி பஸ் படியில் கால் வைத்தாள். அவர் ஓடிப் போனார். "நீ எங்கம்மா? கார் இருக்கு, வீட்டுக்கு வா."

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வேணாண்ணா. உன் வீட்டுல என் ஒருத்திக்குத்தான் எடம்." இரண்டு படி ஏறிவிட்டு நின்றாள். "அந்த ஒத்தடப் பையக் கொண்டு போய் அவங்ககிட்டயே குடுத்துடு. வலி இப்ப அவங்களுக்குத்தான்."

விடியற்காலை மேல்பாதி வழுக்கியது. பூட்டிய வீடுகளுக்குள் சுவர்கள் விழுந்தன. அடியில் ஆள் இல்லை. ஆபீசிலிருந்து அவருக்குப் போன் வந்தது, அவர் எடுக்கவில்லை.

மனைவி உப்புப் பையைச் சட்டியில் போட்டுச் சூடு செய்து, துண்டில் சுற்றிக் கொடுத்தாள். "நானும் வரேன். என் முதுகையும் சேர்த்துத்தானே பேசுவாங்க" என்றாள். "வேணாம்" என்று அவர் மட்டும் போனார்.

தையல்காரம்மா விழித்திருந்தார். மகன் சொல்லியிருப்பான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வரைபடக்காரர் துண்டைப் பிரித்துப் பையை நீட்டினார்.

அந்தம்மா இடது கையால் வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. பையை மார்மேல் வைத்து, ஓரத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனவர், ஒரு மூலையில் நிறுத்தினார்.

"இங்க தையல் கோணிப் போச்சு தம்பி" என்றார். "பிரிச்சுத் தைக்கத்தான் நினைச்சேன். அங்க ஒருத்தி வலியில துடிச்சிட்டிருப்பாளேன்னு, அப்படியே குடுத்தனுப்பிட்டேன்."